ஒஸ்போர்ணின் பெட்டியும் எனது மேசையும்

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, உங்கட கொம்பியூட்டர் இனிச் சரிவராது. மேசையில வைக்கிறது வேணுமோ, மடியில வைக்கிறது வேணுமோ, கையில பிடிக்கிறது வேணுமோ? ஒண்டைச் சொல்லுங்கோ, நான் காசு அனுப்புறன்" என்றாள். ஒரு கிழமை அவகாசம் கேட்டேன். எனது மேசைக்கணினி 2011இல் வாங்கியது. அதன் திரையில் இப்போது குறுக்காக மூன்று கோடுகள் ஓடுகின்றன. ஆசிரியத் தலையங்கத்தைக்கூடக் கோடு போட்ட கொப்பியில் எழுதுவது போன்ற உணர்வுதான்.

மகளின் கேள்வி எளிமையானது. பதில்தான் எனக்கு எளிதாக வரவில்லை. இந்தக் கேள்வி என்னுடைய தொழில் வாழ்க்கை முழுவதும் வெவ்வேறு வேடங்களில் என் முன்னே வந்து நின்றிருக்கிறது. நானும் பலமுறை பிழையாகவே பதில் சொல்லியிருக்கிறேன். ஆகவே அந்த ஒரு கிழமையில் கடைகளின் விலைப்பட்டியலைப் பார்ப்பதை விடுத்து, இந்தத் தெரிவு மனிதர்களுக்கு எப்போது முதன்முதலாக வாய்த்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். தேடல் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் திருவண்ணாமலை.

ஆம், ரமண மகரிஷியின் திருவண்ணாமலையேதான். ஆர்தர் ஒஸ்போர்ண் என்ற ஆங்கிலேயர் பாங்கொக் நகரில் விரிவுரையாளராக இருந்தார். அவரது மனைவி லூசியா போலந்து நாட்டவர். இருவருக்கும் 1939இல் பாங்கொக்கில் பிறந்த மகன் அடம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் தாய்லாந்துக்குள் நுழைந்தபோது ஆர்தர் அங்கு சிறைப்பட்டார். மனைவியும் பிள்ளைகளும் அதற்கு முன்னரே திருவண்ணாமலைக்கு வந்துவிட்டார்கள். போர் முடிந்து திரும்பிய ஆர்தர், பின்னாளில் ரமணரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்களுள் முக்கியமானவர் ஆனார். 1964இல் தொடங்கிய ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' சஞ்சிகையின் முதல் ஆசிரியரும் அவரே. அருணாசல மலையடிவாரத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த அடம், பதினொரு வயதில், 1950இல் இங்கிலாந்துக்குப் போனார். இரசாயனப் பொறியியல் படித்து, பின் அமெரிக்கா சென்று கலாநிதிப் பட்டம் பெற்று, நுண்கணினிகளைப் பற்றி நூல்கள் எழுதிப் பதிப்பித்து, அந்தப் பதிப்பகத்தை 1979இல் மக்ரோ-ஹில் நிறுவனத்துக்கு விற்றார். பதிப்பாளர், பத்தி எழுத்தாளர் என்று முதலில் எங்களுடைய சாதியைச் சேர்ந்தவராகவே அவர் இருந்தார் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

அந்த அடம் ஒஸ்போர்ண்தான் 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினிச் சந்தையில் 'ஒஸ்போர்ண் 1' என்ற பெட்டியை வெளியிட்டார். வடிவமைத்தவர் லீ பெல்சன்ஸ்டைன். எங்கள் வீடுகளில் இருந்த கைப்பிடி வைத்த தையல் இயந்திரப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே உருவம், அதே பாரம். 24 இறாத்தல், அதாவது 11 கிலோ. மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. நடுவில் ஐந்து அங்குலத் திரை; அதில் ஒரு வரிக்கு 52 எழுத்துகளே தெரியும், மிகுதியைப் பார்க்கத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். விலை 1,795 டொலர். ஆனால் எழுதுவதற்கு வேர்ட்ஸ்டார், கணக்குப் பார்க்க சுப்பர்கல்க் முதலிய மென்பொருட்கள் அந்த விலைக்குள்ளேயே கிடைத்தன. அவற்றைத் தனியாக வாங்கினால் மட்டும் 1,500 டொலர் அளவில் முடியும்.

அதற்கு முன்னரும் தூக்கிச் செல்லும் கணினி என்று சொல்லப்பட்டவை உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1975இல் கொண்டுவந்த 5100 என்ற இயந்திரம் 50 இறாத்தல் நிறையுடையது. விலையோ பல ஆயிரம் டொலர். தூக்கலாம் என்பது உண்மை, தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்பதும் உண்மை. சாதாரண மனிதர் ஒருவர் கடையில் நின்று "மேசைக்கு ஒன்றா, கையோடு கொண்டுபோக ஒன்றா" என்று யோசிக்கக்கூடிய நிலை 1981இல்தான் வந்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில் ஐ.பி.எம்.மின் மேசைக்கணினியும் சந்தைக்கு வந்துவிட்டது.

ஒஸ்போர்ணின் கொள்கை விசித்திரமானது. மிகச் சிறந்ததைச் செய்ய அவர் முயலவில்லை. போதுமானது போதும் என்பதே அவரது நிலைப்பாடு. திரை சிறியது என்றார்கள். விமான இருக்கையின் கீழே நுழைகிறதே என்றார். மலிவான பாகங்களை வாங்கி, மென்பொருளைச் சேர்த்துக் கட்டி, ஒரே விலைக்கு விற்றார். உச்சக்கட்டத்தில் மாதத்துக்குப் பத்தாயிரம் பெட்டிகள்வரை விற்பனையாயின. ஆனால் 1983 செப்டெம்பரில் அந்தக் கம்பனி வங்குரோத்தானது.

ஏன் விழுந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. வணிகக் கல்லூரிகளில் இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அடுத்து வரப்போகும் நல்ல இயந்திரத்தைப் பற்றி ஒஸ்போர்ண் வாய்விட்டுப் பேசிவிட்டார், ஆகவே கைவசம் இருந்ததை ஒருவரும் வாங்கவில்லை என்பதே அந்தக் கதை. 'ஒஸ்போர்ண் விளைவு' என்று அதற்குப் பெயரும் சூட்டிவிட்டார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. 1982 நவம்பரில் கொம்பாக் நிறுவனம் தனது பெட்டியை அறிவித்தது. அது 28 இறாத்தல், ஒஸ்போர்ணைவிடப் பாரம். 2,995 டொலர், ஒஸ்போர்ணைவிட விலை. ஆனால் ஐ.பி.எம். மேசைக்கணினிக்கு எழுதப்பட்ட மென்பொருட்கள் அதில் ஓடின. முதலாம் ஆண்டில் 53,000 விற்றன. அலுவலக மேசையில் உள்ளதையே வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்ற ஒரு வசதிக்காக மக்கள் பாரத்தையும் விலையையும் பொறுத்துக்கொண்டார்கள். ஒஸ்போர்ணின் போட்டி, அவர் நினைத்ததுபோல் மற்றப் பெட்டிகளோடு இருக்கவில்லை, மேசையோடு இருந்தது.

ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு பெட்டிகளையும் சுவரில் உள்ள மின்செருகியில் பொருத்தினால்தான் வேலை செய்யும். தூக்கிச் செல்லலாம், ஆனால் போய்ச் சேருமிடத்தில் மின்சாரம் இருக்க வேண்டும். அமெரிக்கரின் மனதில் அது இருக்கும் என்பதில் ஐயம் தோன்றவில்லை.

பற்றரியில் ஓடுவதும், எங்கள் தொழிலுக்கென்றே செய்யப்பட்டது போன்றதுமான ஒரு கருவி 1983இல் வந்தது. ஜப்பானின் கியோசெரா தயாரித்தது. அமெரிக்காவில் ரேடியோ ஷக் கடைகள் 'மொடல் 100' என்ற பெயரில் விற்றன. ஒரு தடித்த புத்தகத்தின் அளவு. மூன்று இறாத்தல். எட்டு வரிகள், வரிக்கு 40 எழுத்துகள், அவ்வளவுதான் திரை. வன்தட்டு இல்லை. ஆனால் பெட்டிக்கடையில் வாங்கக்கூடிய நான்கு சிறிய பற்றரிகளைப் போட்டால் 20 மணி நேரம்வரை ஓடும். ஆளியைத் தட்டிய கணமே எழுதத் தயாராக நிற்கும். உள்ளேயே மோடம் இருந்தது. நொடிக்கு 30 எழுத்து என்ற வேகத்தில் 800 சொற்கொண்ட ஆங்கிலச் செய்தியொன்றை மூன்று நிமிடத்தில் தொலைபேசி வழியாக அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம். அதன் மென்பொருளில் கணிசமான பகுதியைப் பில் கேட்ஸே எழுதினார். தமது கைப்பட அதிகம் எழுதிய கடைசி இயந்திரம் இதுதான் என்று பின்னர் அவர் பாசத்தோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

அதே காலத்து மேசைக்கணினிகளோடு ஒப்பிட்டால் இது ஒரு விளையாட்டுப் பொருள். இருந்தும் மேலைநாட்டுச் செய்தியாளர்கள் பத்து வருடத்துக்கு மேலாக இதைக் கைவிடவில்லை.

நான் இதை நேரில் கண்டது 1994இல். பேராதனையில் கலைப்பட்டம் முடித்து, கொழும்பில் ஒரு நாளிதழில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சமாதானப் பேச்சுகள் பற்றிய எதிர்பார்ப்பில் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் பலர் வந்திறங்கிய நாட்கள் அவை. ஒரு செய்தியாளர் மாநாடு முடிந்ததும், தலை நரைத்த ஒருவர் வாசற்படியிலேயே அமர்ந்து, மடியில் இந்தக் கருவியை வைத்துத் தட்டத் தொடங்கினார். நான் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறுமுன் அவர் எழுதி முடித்து, வரவேற்பறைத் தொலைபேசியை நோக்கி நடந்துவிட்டார். அப்போதே பதினொரு வருடப் பழசான இயந்திரம். பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை!

பேருந்தில் போகும்போதுதான் ஒன்று உறைத்தது. அது என் கையில் கிடைத்தாலும் பயனில்லை. அந்தத் திரையில் ஓர் எழுத்துக்குக் கிடைக்கும் இடம் அகலத்தில் ஆறு புள்ளி, உயரத்தில் எட்டுப் புள்ளி. ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் அந்தச் சிறைக்குள் அடங்கிவிடும். 'ணை'யும் 'ஞௌ'வும் எங்கே அடங்கும்? தமிழைக் காட்டுவதற்குப் பெரிய திரையும், எழுத்தைப் படமாக வரையக்கூடிய வலுவான இயந்திரமும் வேண்டும். அதாவது மேசை வேண்டும். எந்தக் கருவியை எடுப்பது என்று மற்றவர்கள் பணத்தையும் பாரத்தையும் பார்த்துத் தீர்மானித்தபோது, எங்களுக்காக அதைத் தீர்மானித்தது எங்களுடைய எழுத்துத்தான். ஆங்கிலச் செய்தியாளர் படிக்கட்டில் இருந்து எழுதினார். தமிழ்ச் செய்தியாளர் பேனையால் எழுதிக்கொண்டு வந்து, மேசைக்கணினி முன் அமர்ந்த தட்டச்சாளரிடம் கொடுத்தார்.

யாழ்ப்பாணத்தின் நிலைமையை இங்கே சொல்லாமல் விட்டால் தவறு. 1990 ஜூனோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. பல வருடங்கள் வரவில்லை. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அங்கும் பத்திரிகைகள் வெளிவந்தன. கடதாசி கிடைக்காதபோது கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சிட்டார்கள். கணினியில் எதைத் தெரிவது என்ற கேள்வியே அங்கு எழவில்லை. நான்கு சிறிய பற்றரிகூட அங்கு ஒரு செல்வம்.

கொழும்பில் எங்களுக்கு அந்தப் பாடம் 1996இல் கிடைத்தது. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியதால் நாடு முழுவதும் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. நான் அதற்குள் கணினியில் நேரடியாக எழுதப் பழகியிருந்தேன். பழகியதைப் பற்றிப் பெருமையும் இருந்தது. வாரமலருக்கு ஒரு நீண்ட கட்டுரை, இரண்டு மணி நேரம் எழுதியது, ஒருமுறையேனும் சேமிக்கவில்லை. திரை இருண்டது. மெழுகுதிரி வெளிச்சத்தில் பேனையால் மீண்டும் எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் குறுகியதாகவும் நன்றாகவும் இருந்ததாகச் செய்தி ஆசிரியர் சொன்னார். முதலாவதை அவர் பார்க்கவேயில்லை என்பதை நான் நினைவூட்டவில்லை.

எங்களுக்கும் ஒருநாள் மடிக்கணினி வந்தது. ஆனால் அதை நான் தெரிந்தெடுத்த சந்தர்ப்பத்தை நினைக்க இன்றும் மனம் கூசுகிறது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை. மறுநாள் கிழக்குக்குப் புறப்பட்டேன். அலுவலகத்தில் ஒரு மடிக்கணினி இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கல்முனைப் பக்கம் ஒரு பாடசாலையில் தங்கியிருந்த மக்கள், காணாமற்போனவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டே போனேன். பெயர், வயது, ஊர், தகப்பன் பெயர். நூறைத் தாண்டியிருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் பற்றரி தீர்ந்தது. ஊரிலே மின்சாரம் இல்லை. மீதிப் பெயர்களை ஒரு பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் எழுதினேன். அன்று மாலை தொலைபேசி ஒன்று கிடைத்தது. கொப்பியில் இருந்த பெயர்களை வாசித்தேன். அடுத்த நாள் பத்திரிகையில் வந்தன. மடிக்கணினிக்குள் இருந்த நூறு பெயர்கள் மின்சாரம் உள்ள ஓரிடத்தை நான் சென்றடைந்து, அங்கிருந்து அனுப்பி, அச்சாக மேலும் இரண்டு நாள் பிடித்தது. பெயர்கள் அழியவில்லை, உண்மைதான். ஆனால் அந்த இரண்டு நாளும் யாரோ ஒருவர் எங்கள் பத்திரிகையை வாங்கி, பட்டியலில் மேலும் கீழும் தேடிவிட்டு மடித்து வைத்திருப்பார். ஒரு கொப்பியும் பேனையும் கையில் இருக்க, வசதிக்காகவா கௌரவத்துக்காகவா அந்த இயந்திரத்தை முதலில் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அதன் பின்னர் நடந்தவற்றை விரைவாகவே கடந்துவிடலாம். வாசகர்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவார்கள். 2007 ஒக்டோபரில் அசூஸ் நிறுவனம் ஏழங்குலத் திரையோடு ஒரு குட்டிக் கணினியைக் கொண்டுவந்தது. ஒஸ்போர்ணின் 'போதுமானது போதும்' என்ற கொள்கை மறுபிறவி எடுத்தது போலிருந்தது. 2008இன் மூன்றாம் காலாண்டில் உலக அளவில் மடிக்கணினிகளின் விற்பனை எண்ணிக்கை முதன்முறையாக மேசைக்கணினிகளை முந்தியது. 2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபேடை அறிமுகம் செய்தபோது அந்தக் குட்டிக் கணினிகளைக் கேலி செய்தார். எதிலும் அவை சிறந்தவை அல்ல, மலிவானவை மட்டுமே என்றார். சில வருடங்களில் அவை சந்தையிலிருந்து மறைந்தும் போயின.

அதே ஆண்டு ஜூனில் ஜொப்ஸ் சொன்ன ஓர் உவமை பிரபலமானது. அமெரிக்கா விவசாய நாடாக இருந்தபோது வாகனங்களெல்லாம் லொறிகளாக இருந்தன. மக்கள் நகரங்களுக்கு வந்தபின் கார் பெருகியது. வழமையான கணினியும் இனி லொறிபோலச் சிலருக்கு மட்டுமே தேவைப்படும் என்ற கருத்தில் அவர் பேசினார். உவமை அழகானது. ஆனால் வன்னியில் லாண்ட்மாஸ்டரைக் கண்டவர்களுக்கு அது அவ்வளவு இலகுவில் செரிக்காது. வயலை உழுததும் அதுதான், சந்தைக்குப் போனதும் அதுதான், கலியாண வீட்டுக்குப் போனதும் அதுதான், இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமானையும் கிழவியையும் ஏற்றிக்கொண்டு போனதும் அதுதான். ஒரு வீட்டில் ஒரேயொரு வாகனம்தான் இருக்கலாம் என்றால் எவரும் காரை வாங்கமாட்டார்கள்.

அந்த ஐபேடிலும் எங்களுக்குப் பழைய கதைதான். அதில் தமிழ் விசைப்பலகை உடன் வந்தது 2013இல். யுனிகோட் அட்டவணையில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தும், விண்டோஸ் 2000 பதிப்போடு மேசைக்கணினிகளில் தமிழ் இயல்பாகத் தெரியத் தொடங்கியிருந்தும், ஒவ்வொரு புதிய கருவியின் வாசலிலும் தமிழ் சில வருடம் காத்து நிற்கவே வேண்டியிருந்தது. அமெரிக்க மாணவர் புதிய கருவியை வாங்கிய அன்றே தன் மொழியில் எழுதினார். நாங்கள் பொறுத்திருந்து வாங்கினோம்.

2022இல் மின்சாரம் மீண்டும் போயிற்று. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. டொலர் சில கிழமைகளுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. கணினிக் கடைக்குள் நுழையவே பயமாக இருந்தது. எனது மேசைக்கணினி வெறும் மரச்சாமான் போல நின்றது. நான் அந்த மாதங்களில் எழுதிய பத்திகள் அத்தனையும் கைத்தொலைபேசியில், ஒற்றைப் பெருவிரலால், தமிழில் எழுதியவை. 1994இல் கொழும்புப் படிக்கட்டில் நான் பொறாமைப்பட்டது கடைசியில் என் கைக்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் என் கண்ணுக்கு அந்தத் திரை ஒத்துவரவில்லை. பெருவிரல் வலியோ இரவு முழுதும் இருக்கும்.

அடம் ஒஸ்போர்ணின் கதையை நடுவில் விட்டுவிட்டேன். கம்பனி விழுந்தபின் மலிவு விலை மென்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். லோட்டஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில் அது 1990இல் தோற்றது. பின்னர் மூளையைத் தாக்கும் நோய் அவரைப் பீடித்தது. 1990களில் இந்தியாவுக்குத் திரும்பி, கொடைக்கானலில் தமது சகோதரியோடு வாழ்ந்தார். சிறுவயதில் பள்ளிக்கூடம் போன அதே மலைநகர். 2003 மார்ச் 18ஆம் திகதி உறக்கத்திலேயே காலமானார். தமிழ்ப் பத்திரிகையில் நாங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. யாரென்று தெரியாது.

இந்தக் கிழமையில் இன்னொரு வேலையும் செய்தேன். அலுமாரியின் அடித்தட்டில் நாற்பது நெகிழ்வட்டுகள் இருந்தன, 1995 முதல் 2001 வரை எழுதியவை. அவற்றைப் படிக்கும் கருவியை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன். பதினொன்று மட்டும் திறந்தன. அவையும் பாமினி எழுத்துருவில் எழுதியவை. எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்று வந்து நிற்கிறது. மாற்றி எடுத்தேன். மிகுதி இருபத்தொன்பதும் போயிற்று. அதே தட்டில், ஒரு பொலித்தீன் பைக்குள், கல்முனையில் பெயர்கள் எழுதிய அப்பியாசக் கொப்பியும் இருந்தது. முதல் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெருக்கல் வாய்பாடு.

நேற்று மகளுக்குப் பதில் எழுதினேன். மடியில் வைப்பதையே வாங்கு. வேகம், திரையின் அளவு எதுவாயினும் பரவாயில்லை. விசைப்பலகை நல்ல அழுத்தமாக இருக்க வேண்டும். பற்றரி பத்து மணி நேரம் நிற்க வேண்டும். தீர்ந்தால் கழற்றி வேறு பற்றரி போடக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினேன்.

இன்று காலை அவளுடைய பதில் வந்தது. "அப்பா, மற்றது எல்லாம் கிடைக்கும். ஆனா இப்ப வாறதுகளில அநேகமா பற்றரியைக் கழற்ற ஏலாது. என்ன செய்யிறது?"

இன்னும் ஒரு கிழமை கேட்டிருக்கிறேன்.